வெயிலில் தெரியும் திரை

அருப்புக்கோட்டை
3 ஜூன் 1991

திருமதி ஹெப்சிபா ஆஸ்டின் அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

ஆஸ்டினின் தாய் ஞானப்பூ எழுதுகிறேன். நீங்கள் சிங்கப்பூரில் எலக்ட்ரானிக் சாமான் கடையில் வேலை பார்ப்பதாகவும், கையில் வைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டிகள் உங்கள் பொறுப்பில் இருப்பதாகவும் அறிகிறேன். எனக்கு அப்படி ஒன்று வேண்டும். முதலில் ஆஸ்டினுக்குத்தான் எழுதினேன். "அம்மா, எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது, அவகிட்டயே கேளுங்க" என்று பதில் போட்டிருக்கிறான். அவன் தந்திரம் எனக்குப் புரியாமல் இல்லை. இருந்தாலும், விஷயம் தெரிந்தவரிடம் கேட்பதே முறை.

எனக்கு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். பக்கத்து வீட்டுப் பேச்சியின் மகன் பொன்ராஜ் துபாயிலிருந்து வந்தபோது உள்ளங்கை அளவில் ஒன்று கொண்டுவந்திருந்தான். மரத்திலிருந்து மாம்பழம் விழும். கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த நேரத்தில் சும்மா கையில் வாங்கினேன். லாரி வந்து போனதே தெரியவில்லை. குடம் காலியாகவே வீட்டுக்கு வந்தது. எழுபது வயதில் இது எனக்குச் சிறுமைதான், ஆனால் நடந்தது. லீவு முடிந்ததும் பொன்ராஜ் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுவது நேர்மை. நான்கு வருடத்துக்கு முன், கல்யாணமாகி வந்த இரண்டாம் வாரம், என் சீட்டுக்கட்டை நீங்கள் அடுப்பில் போட்டீர்கள். சீட்டு சாத்தானின் புத்தகம் என்று உங்கள் அப்பா பரளச்சி சபையில் போதிக்கிறார் என்றீர்கள். என்னைக் கான்வென்டில் படிக்க வைத்த மதர் செலஸ்டின்தான் மழைநாளில் எங்களுக்கு ஒற்றையாக ஆடும் பேஷன்ஸ் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார் என்றேன் நான். அன்று உங்களைப் பார்த்து, "இனி இந்தப் படியை நீ மிதிக்கக் கூடாது" என்று சொன்னேன். அந்தச் சொல் அப்படியே நிற்கிறது. இந்தக் கடிதம் அதைப் பற்றியதல்ல. இது ஒரு வாடிக்கையாளர் கடைக்கு எழுதுவது.

இருப்பதில் எது உயர்ந்ததோ அதை அனுப்பவும். விலையை ஆஸ்டினிடம் பெற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஞானப்பூ தாவீதுராஜ்


சிங்கப்பூர்
19 ஜூன் 1991

கர்த்தருக்குள் அன்பான அத்தைக்கு,

ஸ்தோத்திரம்.

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துபோய் இவுகளையே பிரிக்கச் சொன்னேன். இவுக படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுச் சீனக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

வாடிக்கையாளர் என்று நீங்களே சொல்லிவிட்டதால் கடைக்காரியாகவே பதில் எழுதுகிறேன். எங்கள் கவுண்டருக்கு வருகிற எல்லாரும் முதலில் கேட்பது, "எது உசத்தி?" என்றுதான். நான் அதற்குப் பதில் சொல்வதே கிடையாது. செருப்பு வாங்க வந்தவர் காலைக் காட்டாமல் "உசத்தியான செருப்பு கொடு" என்றால் என்ன கொடுப்பது?

இப்போது கடையில் இரண்டு பெட்டிகள் நன்றாகப் போகின்றன. ஒன்று கலர். உள்ளேயே விளக்கு எரியும், பார்த்தால் கண்ணைப் பறிக்கும், கொஞ்சம் கனம். ஆறு பென்சில் செல் போட வேண்டும், அதையும் சீக்கிரம் தின்றுவிடும். இன்னொன்று சாம்பல் நிறத்தில் செங்கல் மாதிரி இருக்கும். கலர் கிடையாது, விளக்கு கிடையாது, பச்சைத் திரையில் கறுப்புக் கோடுதான். ஆனால் நாலு செல்லில் வாரக்கணக்கில் ஓடும். இரண்டிலும் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். சின்னக் கட்டை மாதிரி ஒன்றைப் பின்னால் சொருக வேண்டும். பொன்ராஜ் வைத்திருந்தது ஒரே ஆட்டம் உள்ள பெட்டி. அது உங்களுக்கு ஒரு மாதத்தில் சலித்துவிடும் அத்தை, வேண்டாம்.

எது உங்களுக்குச் சரி என்று சொல்ல எனக்குச் சில விஷயம் தெரிய வேண்டும். எந்த நேரத்தில் ஆடுவீர்கள்? உட்கார்ந்தா, படுத்தா? உட்காரும் இடத்தில் வெயில் எந்தப் பக்கமிருந்து வரும்? எந்தக் கண்ணாடி போட்டிருப்பீர்கள்? விரலில் வலி உண்டா? சத்தம் பிடிக்குமா? நடுவில் யாராவது கூப்பிட்டால் அப்படியே வைத்துவிட்டு எழுந்திருப்பீர்களா, இல்லை முடித்துவிட்டுத்தானா?

சீட்டு விஷயத்தில் என் மனசு மாறவில்லை. பொய் எழுத மாட்டேன். இந்தப் பெட்டிகளில் ராஜா, ராணி, மந்திரி யாரும் இல்லை, அதனால் என் மனசாட்சிக்கு உறுத்தல் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு இவுக லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "நீ இல்லாம நான் போகல" என்று நாலாவது வருடமாக அதே பேச்சு. "நீங்க மட்டும் போயிட்டு வாங்க, அத்தை தனியா இருக்காக" என்று நானும் நாலாவது வருடமாகச் சொல்கிறேன்.

ஹெப்சிபா


அருப்புக்கோட்டை
4 ஜூலை 1991

ஹெப்சிபாவுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

கேட்டது ஒரு பொருள். வந்தது ஒரு குறுக்கு விசாரணை. மருத்துவர்கூட என்னிடம் இத்தனை கேட்டதில்லை. இருந்தாலும் கடிதத்தில் அடித்தல் திருத்தல் இல்லை, கேள்விகளில் ஒன்றுகூட வீண் இல்லை. எனவே பதில் சொல்கிறேன்.

காலைப் பூசைக்குப் போய் வந்து காபி குடித்ததும் கொல்லைக்குப் போய்விடுவேன். குழாய் அங்கேதான். முனிசிபல் தண்ணீர் என்றைக்கு வரும் என்று ஜோசியக் கிளிக்கும் தெரியாது. வரும் நாளில் எந்நேரம் என்பது கடவுளுக்கே வெளிச்சம். எனவே தினமும் குழாய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். வெயில் என் இடது தோளுக்கு மேலாக வரும். நிழல் இல்லை, நான் தேடுவதும் இல்லை. முழங்கால் வலிக்கு அந்தச் சூடு நல்லது. படுத்துக்கொண்டு எதையும் செய்வது எனக்குப் பழக்கமில்லை. புத்தகம் படிக்கும் கண்ணாடிதான் போட்டிருப்பேன். வலது கட்டைவிரலில் பிடிப்பு உண்டு, துணி பிழிந்து வந்தது. சத்தம் பிடிக்காது. குழாயில் காற்று சீறும் சத்தம் கேட்டால் உயிரே போனாலும் எழுந்துவிடுவேன். சாயந்தரம் செபமாலை, அதன்பின் எதுவும் கிடையாது.

சீட்டாடியதும் அங்கேதான். முக்காலியில் பரப்பி, காற்றுக்குக் கூழாங்கல் வைத்து. புதுக்கட்டு வாங்க வேண்டியதுதானே என்கிறாள் பேச்சி. அவளுக்குத் தெரியாது. அந்தக் கட்டில் ஸ்பேடு ஏழு தொலைந்துபோய், உங்கள் மாமனார் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, மில் ஆபீஸ் மையில் ஏழு ஸ்பேடு வரைந்து வைத்திருந்தார். ஒன்று கோணலாக இருக்கும். எனக்குக் கோணல் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும், அதனாலேயே வரைந்தார்.

ஆகவே கலர்ப் பெட்டியையே அனுப்பவும். பச்சைப் பாசி நிறத்தைப் பார்க்க வேண்டுமானால் கண்மாய்க்குப் போய்க்கொள்வேன், அதில் தண்ணீர் இருந்தால்.

ஞானப்பூ தாவீதுராஜ்


சிங்கப்பூர்
22 ஜூலை 1991

கர்த்தருக்குள் அன்பான அத்தைக்கு,

ஸ்தோத்திரம்.

அந்த ஸ்பேடு ஏழு பற்றி எனக்குத் தெரியாது. மாமாவை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு ஏழுக்காக மன்னிப்புக் கேட்கிறேன் அத்தை. மற்ற சீட்டுகளுக்கு இல்லை.

உங்களை மாதிரி பதில் எழுதுகிற வாடிக்கையாளர் எங்கள் கடைக்கு இதுவரை வந்ததில்லை. வெயில் இடது தோளுக்கு மேலாக வருகிறது என்று எழுதினீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் அந்தக் கொல்லையும் நாற்காலியும் குழாயும் அப்படியே கண்முன் வந்துவிட்டது. இரண்டு வாரம் இருந்த வீடு எனக்கு இவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

கடைக்காரியாகச் சொல்கிறேன், உங்களுக்குச் சரியானது சாம்பல் பெட்டி. உள்ளே விளக்கு எரிகிற திரை, வீட்டுக்குள் ஜன்னலை மூடிவிட்டு உட்காருகிறவர்களுக்கு. வெளிச்சம் அதற்கு எதிரி. சாம்பல் பெட்டியின் திரை நேர்மாறு: வெளிச்சம் மேலே விழுந்தால்தான் தெரியும், எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு தெளிவு. இங்கே அதை வாங்குகிறவர்கள் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு அருப்புக்கோட்டை முழுக்க ஜன்னல் சீட்டுதான்.

ஆனால் நீங்கள் கேட்டது கலர். வாங்குகிறவர் சொன்னதுதான் கடைசி என்பது எங்கள் முதலாளி சட்டம். திருச்சுழிக்காரர் சின்னத்துரை அடுத்த வாரம் ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து வீட்டுக்குள் வைத்து ஆடுங்கள்.

நீங்கள் கேட்க மாட்டீர்கள், நானே சொல்கிறேன்: இவுக நன்றாக இருக்கிறார்கள். உங்கள் கடிதத்தை என்னிடமிருந்து பிடுங்கி இரண்டு தரம் படித்தார்கள்.

ஹெப்சிபா


அருப்புக்கோட்டை
2 செப்டம்பர் 1991

ஹெப்சிபாவுக்கு,

இயேசுவுக்கே புகழ்.

சின்னத்துரை பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். கலர் உண்மையிலேயே அழகு. கோவில் சன்னல் கண்ணாடியில் வெயில் பட்டது போல. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் வேறு மாதிரி.

வீட்டுக்குள் வைத்து ஆடச் சொன்னாய். உள்ளே உட்கார்ந்தால் குழாய்ச் சத்தம் எனக்குக் கேட்காது. எனவே கொல்லைக்குக் கொண்டுபோனேன். திரையில் என் முகம்தான் தெரிந்தது. குடையை விரித்தேன், என் முகம் கறுப்பாகத் தெரிந்தது. கடைசியில் குடைக்கு மேலே அவருடைய பழைய கம்பளிப் போர்வையைப் போட்டு, கூடாரம் மாதிரி உள்ளே உட்கார்ந்தேன். அருமையாகத் தெரிந்தது. ஆடி மாதக் காற்றில் போர்வை பறக்காமலிருக்க நுனியைக் காலால் மிதித்துக்கொண்டேன்.

நான் ஆடும்போது தோற்றால் "ஐயோ, போச்சே" என்பேனாம். எனக்கே தெரியாது. பேச்சி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்திருக்கிறாள். போர்வைக்குள் ஒரு கிழவி, தோள் குலுங்குகிறது, "ஐயோ, போச்சே". ஓடிப்போய்த் தெருவைக் கூட்டிவிட்டாள். காளீஸ்வரி சோடாவோடு வந்தாள். உபதேசியார் செபப் புத்தகத்தோடு வந்தார். "அழட்டும், விடுங்க. இத்தன வருசம் அடக்கி வச்சிருந்தாக. ஐயா நெனப்பு வந்திருச்சு" என்கிறாள் பேச்சி.

உன் மாமனார் அடக்கத்தன்றுகூட நான் ஊர் பார்க்க அழவில்லை. போர்வையை எறிந்துவிட்டு எழுந்து, "நான் அழவில்லை. விளையாடிக்கொண்டிருக்கிறேன்" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. நிரூபிப்பதற்காகப் பெட்டியைத் திருப்பிக் காட்டினேன். அந்த நேரம் பார்த்துச் செல் தீர்ந்து திரை கறுத்துவிட்டது. உபதேசியார் என் தலையில் கைவைத்துச் செபிக்க ஆரம்பித்தார்.

செல்லோ, போட்ட காலைக்கு மறுநாள் இல்லை. பாளையம்பட்டிக் கடை தங்கபாண்டி, "என்னம்மா, காட்டுப்பன்னி வெரட்டக் காவலுக்குப் போறீகளா? இம்புட்டு செல்லு வாங்குறீக" என்று பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் கேட்டான்.

பெட்டியின் மேல் குற்றமில்லை. அது தன் அளவில் உயர்ந்ததுதான். உயர்ந்ததைக் கேட்டேன், எனக்கானதைக் கேட்கவில்லை. நீ சொன்னது சரி. அதைச் சின்னத்துரை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் வீட்டு உள்ளறை பட்டப்பகலிலும் இருட்டு.

வெயில் எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டாயே, அந்தக் கேள்வியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கெட்டிக்காரத்தனமான கேள்வி.

சாம்பல் பெட்டி இன்னும் கடையில் இருக்கிறதா?

ஞானப்பூ


சிங்கப்பூர்
25 செப்டம்பர் 1991

கர்த்தருக்குள் அன்பான அத்தைக்கு,

ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துவிட்டேன், அது தப்பாகிவிட்டது. உபதேசியார் கைவைத்த இடம் வந்ததும் கவுண்டருக்குக் கீழே உட்கார்ந்து சிரித்தேன். முதலாளி, யாரோ திருட வந்துவிட்டார்கள் என்று நினைத்தார். ஆனால் அத்தை, அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று "விளையாடுகிறேன்" என்று சொல்ல எங்கள் பரளச்சியில் ஒரு பொம்பளைக்கும் தைரியம் வராது. அழுததாகவே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பார்கள். எனக்கும் வராது.

சாம்பல் பெட்டி கடையில் இல்லை. என் பையில் இருக்கிறது. ஜூலையிலேயே வாங்கி வைத்துவிட்டேன். கோபப்படாதீர்கள்.

சும்மா வைத்திருக்கவும் இல்லை. உங்கள் வலது கட்டைவிரலுக்காக என் கட்டைவிரலைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு ஆடிப் பார்த்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டால் ஆள்காட்டி விரலாலேயே அழுத்தலாம், ஒரு வித்தியாசமும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே போய் வெயிலை இடது தோளுக்கு மேலாக வாங்கிக்கொண்டு நின்று பார்த்தேன். கறுப்புக் கோடு கல்லில் செதுக்கியது போலத் தெரிந்தது. பக்கவாட்டில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது, அதைக் கீழே உருட்டினால் சத்தம் செத்துவிடும். குழாய் சீறினால் நடுப் பொத்தானை அழுத்துங்கள். ஆட்டம் அப்படியே நின்று உங்களுக்காகக் காத்திருக்கும். குடம் நிறைந்த பிறகு வரலாம்.

ஆட்டமும் நானே தேர்ந்தெடுத்தேன். மேலேயிருந்து கட்டைகள் ஒவ்வொன்றாக விழும், ஒவ்வொன்றும் ஒரு கோணலில். திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அது மறைந்துவிடும். கோணல் பிடிக்காதவர்களுக்காகவே செய்தது.

இதைச் சோதிக்கிறேன் பேர்வழி என்று எனக்கே பைத்தியம் பிடித்து, எனக்கும் ஒரு பெட்டி வாங்கிவிட்டேன். எங்கள் கடையில் என் எண்ணிக்கையை யாரும் தாண்டவில்லை. முதலாளி எனக்கு மட்டும் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார், அதனால் உட்கார்ந்தே ஆடுகிறேன். பக்கத்துக் கடையில் மீன் பொரிக்கிற வாடைதான் தாங்க முடியவில்லை. முன்னாலெல்லாம் அதுவே வாங்கிச் சாப்பிடுவேன். சின்னத்துரை திரும்பி வரும்போது நம்ம ஊர் உப்பு நெல்லிக்காய் கொஞ்சம் கொடுத்துவிட முடியுமா? இங்கே கிடைப்பது இனிக்கிறது.

ஹெப்சிபா


அருப்புக்கோட்டை
6 நவம்பர் 1991

ஹெப்சிக்கு,

இயேசுவுக்கே புகழ்.

பெட்டி பார்சலில் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்குக் காரணம் அந்தப் பெட்டிதான்.

என்ன சொல்வது? இந்த ஊரில் மிஞ்சிக் கிடக்கும் பொருள் ஒன்றே ஒன்று, வெயில். அது படப்படத் தெளிகிற ஒரு சாமானை நீ சிங்கப்பூரில் உட்கார்ந்து எனக்காகப் பொறுக்கி எடுத்திருக்கிறாய். பேச்சியும் காளீஸ்வரியும் குடத்தைப் போட்டுவிட்டு என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். "இடது பக்கம், இடது பக்கம்! அந்தச் சந்துல சொருகுங்கம்மா!" என்று பேச்சி கத்துவது கோவில் வரை கேட்கும். சத்தத்தைக் குறைக்கிற சக்கரம் அவளுக்கு இல்லை. மாலை வெளிச்சம் மங்கியதும் திரையும் மங்குகிறது; செபமாலைக்கு யாரும் என்னை நினைவூட்ட வேண்டியதில்லை. தங்கபாண்டி, "என்னம்மா, பன்னியெல்லாம் ஓடிப்போச்சா?" என்று கேட்கிறான்.

ஐப்பசியில் இரண்டு நல்ல மழை. ஊரே வாசலில் நின்று பார்த்தது. எனக்கு மட்டும் திரை தெரியவில்லையே என்று ஒரு நிமிடம் எரிச்சல் வந்தது. இந்தப் பூமியில் பிறந்துவிட்டு மழையைச் சலித்துக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். சாமியார் சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது.

பொறுக்கி எடுக்கத் தெரிவது ஒரு வரம். பணம் இருப்பவர்கள் வாங்குவார்கள். பார்க்கத் தெரிந்தவர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். கைக்குட்டையால் விரலைக் கட்டிக்கொண்டு ஆடினேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. எனக்கே வைத்துக்கொண்டேன்.

இப்போது என் முறை. எனக்கும் பார்க்கத் தெரியும். நாள் முழுக்க நிற்கிற கடையில் உனக்கு மட்டும் ஸ்டூல். பிடித்த மீன் பொரியல் பிடிக்கவில்லை. உப்பு நெல்லிக்காய். மூன்றும் ஒரே கடிதத்தில். எத்தனையாவது மாதம் என்று கேட்கவில்லை, கணக்குப் போட்டுவிட்டேன். ஆஸ்டின் ஏன் எழுதவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நீ எழுதக் கூடாது என்று சொல்லியிருப்பாய்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். உன் அம்மா இல்லை. அப்பா சாம்ராஜ் போதகர் சபைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருக்கிறார். எனவே கிறிஸ்துமஸுக்கு இங்கே வா. ஆஸ்டின் லீவு முடிந்து போகட்டும். நீ பிள்ளை பெற்று உடம்பு தேறிய பிறகு போ. வாசற்படி பற்றிச் சொன்ன சொல்லை நான் திரும்ப எடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். கொல்லைக் கதவு இருக்கிறது. அந்த வழியாக வா.

பெட்டியோடு வந்த தாளில், இரண்டு பெட்டிகளை ஒரு வயரால் இணைத்து இரண்டு பேர் எதிரெதிரே ஆடலாம் என்று போட்டிருக்கிறது. உன் எண்ணிக்கையைக் கடையில் யாரும் தாண்டவில்லை என்றாய். பார்ப்போம். வயர் ஒரு கை நீளம்தானாம். அது சிங்கப்பூருக்கு எட்டாது.

நெல்லிக்காய் சின்னத்துரையிடம் கொடுத்திருக்கிறேன்.

அத்தை


சிங்கப்பூர்
20 நவம்பர் 1991

அன்பான அத்தைக்கு,

ஸ்தோத்திரம்.

நெல்லிக்காய் வந்தது. பாதி பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டது. உங்கள் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். என் கடிதத்தை அப்படி யாரும் படித்ததில்லை.

ஆனால் அத்தை, நான் வரவில்லை.

நீங்கள் நினைத்தது சரி, எழுதக் கூடாது என்று நான்தான் சொன்னேன். வயிற்றில் இருப்பதைக் காட்டி உங்கள் வீட்டுக்குள் வர எனக்கு இஷ்டமில்லை. பிள்ளைக்காகத்தான் கதவு திறக்கிறது என்றால், பிள்ளை பிறந்து நடக்கப் பழகி அதுவே வரட்டும். கொல்லை வழியாக வருவதற்கு நான் பாத்திரம் தேய்க்க வருகிறவள் இல்லை. உங்கள் மகன் தாலி கட்டி, முன்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு வந்தவள். நீங்கள் என் இடத்தில் இருந்தால் கொல்லை வழியாக வருவீர்களா? சத்தியமாகச் சொல்லுங்கள்.

கோபத்தில் எழுதவில்லை. உங்களிடம் எனக்குப் பிடித்ததே நீங்கள் வளைந்து கொடுக்காததுதான். அதே குணம் எனக்கும் இருந்தால் நீங்கள் குற்றம் சொல்ல முடியாது.

இவுகளை இந்தத் தடவை எப்படியும் அனுப்பிவிடுவேன். டிசம்பர் இருபதாம் தேதி அங்கே இருப்பார்கள். வயரை வாங்கிவிட்டேன், இவுக கையில் கொடுத்துவிடுகிறேன். ஆனால் அத்தை, ஒரு முனையை மட்டும் சொருகினால் அது வெறும் கயிறு. இவுகளுக்கு ஆடத் தெரியாது.

ஹெப்சிபா


அருப்புக்கோட்டை
4 டிசம்பர் 1991

என் மருமகள் ஹெப்சிக்கு,

இயேசுவுக்கே புகழ். ஸ்தோத்திரமும்.

கேட்ட கேள்விக்குப் பதில்: மாட்டேன். உன் இடத்தில் இருந்தால் கொல்லை வழியாக வந்திருக்க மாட்டேன். கொல்லை வழியாகக் கூப்பிட்டவளுக்குக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். அந்த வகையில் நீ என்னைவிட மேல்.

பிள்ளைக்காக உன்னைக் கூப்பிடவில்லை. வெயில் எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டதற்காகக் கூப்பிடுகிறேன். ஸ்டூல் விஷயம் தெரிவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன், வழிதான் தெரியாமலிருந்தது. சொன்ன சொல்லை மீறி எனக்குப் பழக்கமில்லை.

போன வியாழக்கிழமை கொத்தனார் இன்பராஜைக் கூப்பிட்டு முன்வாசல் படிக்கல்லைப் பெயர்க்கச் சொன்னேன். "கல்லு நல்லாத்தானம்மா இருக்கு! இன்னும் நூறு வருசம் கெடக்கும். ஏன் பேக்கச் சொல்றீக?" என்றான். "அதன்மேல் ஒரு சொல் இருக்கிறது" என்றேன். என்னையும் கல்லையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கடப்பாரையைப் போட்டான். "மருமகளுக்காகப் படியையே பேத்த மாமியாரு இவுக ஒருத்திதான்" என்று பேச்சி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். மறுக்கவில்லை.

இப்போது அங்கே புதுக்கல் பதித்தாயிற்று. சிமென்ட் காய்ந்துவிட்டது. யாரும் மிதிக்காமலிருக்கக் குறுக்கே கயிறு கட்டி வைத்திருக்கிறேன். நான் கொல்லை வழியாகத்தான் பூசைக்குப் போய்வருகிறேன். உபதேசியாரும் கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பெயர் எழுத அந்த வழியாகத்தான் வந்தார், குழாயடிச் சகதியில் வழுக்கவும் செய்தார். இருபதாம் தேதி நீ வந்து முதல் கால் வைத்த பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பேன். நீ வராவிட்டால் நானும் உபதேசியாரும் ஆயுசுக்கும் கொல்லை வழிதான். அவருக்கும் வயதாகிறது.

உங்கள் சபை வழக்கப்படி இந்த வீட்டில் நீ செபித்துக்கொள்ளலாம். செபமாலை நேரத்தில் மட்டும் சத்தம் வேண்டாம். சீட்டு வாங்க மாட்டேன். உனக்காக அல்ல, கோணல் ஏழு இல்லாத கட்டு எனக்கு வேண்டாம்.

பழைய படிக்கல்லை வீணாக்கவில்லை. குழாயடியில், என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு, மேலே தலையணை தைத்து வைத்திருக்கிறேன். ஒரு கை நீள வயருக்குச் சரியாக இருக்கும், அளந்து பார்த்தேன். வெயில் உனக்கும் இடது தோளுக்கு மேலாக வர வேண்டும் என்பதற்காகக் கல்லைச் சற்றுத் திருப்பிப் போடச் சொன்னேன்.

அந்தக் கல்லை மிதிக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். உட்காரக் கூடாது என்று சொல்லவில்லை.

அத்தை